எங்கே போவது என்று கேட்பதற்கு முன்…

எனக்கும் என் கணவருக்கும் 2007 ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. அதன் பின்னர் நாங்கள் இருவரும் சேர்ந்து போன பயணங்களை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், அங்கிருந்து விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன். அதற்குப் பிறகு செட்டிக்குளம் முகாம். மீள்குடியேறிய பின்னர், அவருடைய முதுகில் இருக்கும் செல் துண்டுக்காக வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வைத்தியசாலைப் பயணங்கள். பதிவுகளுக்குப் போயிருக்கிறோம், விசாரணைகளுக்குப் போயிருக்கிறோம், செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறோம். ஒரு காரணமும் இல்லாமல், சும்மா சந்தோசத்துக்காக ஓரிடத்துக்குப் போனது ஒரு தடவைகூட இல்லை.

சகோதரிகளே, உங்களில் பலரும் எண்ணிப் பார்த்தால் இதே கணக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எங்கள் சிறுசேமிப்புக் குழு போய்வந்த மூன்று நாள் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறேன். போன இடத்தைவிட, அந்த இடத்தை நாங்கள் தெரிவு செய்த விதமே உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

எங்கள் குழுவில் எட்டு அங்கத்தவர்கள். ஒருவர் தையல், ஒருவர் கோழி வளர்ப்பு, இருவர் தோட்டம், ஒருவர் சிறு கடை, மற்றவர்கள் மா இடித்து, மிளகாய்த்தூள் அரைத்து விற்பவர்கள். நான் குழுவின் செயலாளர். 2023 ஆனி மாதக் கூட்டத்தில் கடைக்கார அக்காதான் பேச்சைத் தொடங்கினார். “பிள்ளையளை அம்மம்மாமாரோட விட்டிட்டு, சோடி சோடியா ஒருக்கால் எங்கையாவது போட்டு வருவம்” என்றார். எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து ஆளுக்கு மாதம் 1,500 ரூபா தனியாகப் போடத் தொடங்கினோம். ஒரு வருடத்தில் எட்டுப் பேரின் பணம் 144,000 ரூபாவாகச் சேர்ந்தது.

நாளைத் தெரிவது கடினமாக இருக்கவில்லை. வைகாசி மாதம் எங்களில் யாருக்கும் மனம் வராது. அது நினைவுகூரலுக்குரிய மாதம். 2024 இல் பொசன் போயா ஆனி 21 ஆம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் தொடர் விடுமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கெடாது. கூலி வேலைக்குப் போகும் கணவர்மாருக்கும் ஒரு சனிக்கிழமைச் சம்பளம் மட்டும்தான் போகும். போயா நாளில் மதுபானக் கடைகள் பூட்டு. “அது இன்னும் நல்லது” என்று தையல்கார அக்கா சொன்னதை எல்லோரும் ஆமோதித்தோம்.

முதற் கூட்டம் குழம்பியது

2024 சித்திரையில் இடத்தைத் தெரிவு செய்யக் கூட்டம் வைத்தோம். நான் எழுந்து, “எங்கை போவம்?” என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் பிழை என்று இப்போது விளங்குகிறது.

எங்களில் இளையவரான தங்கச்சி நுவரெலியா என்றார். இன்னொருவர் நெடுந்தீவு என்றார். குதிரைகளையும் பெருக்க மரத்தையும் பார்க்கலாம், செலவும் குறைவு. வேதக்காரக் குடும்பம் மன்னாரும் மடுவும் என்றது. கடைக்கார அக்கா திருகோணமலை என்றார். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கதைத்தும் முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது.

எல்லோரும் போன பிறகு ஓர் அக்கா மட்டும் படலையடியில் நின்றார். 2009 வைகாசியில் வட்டுவாகலில் தன் கணவரைக் கையால் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தவர் அவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் பொட்டு வைப்பதை நிறுத்தவும் இல்லை.

“நீங்கள் சோடி சோடியாப் போட்டு வாங்கோ தங்கச்சி. என்ரை காசை மட்டும் பிள்ளையின்ரை கணக்கிலை போட்டுவிடு” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

அன்றிரவு கணக்குக் கொப்பியைத் திறந்தேன். என் கையெழுத்தில் ‘6 சோடி, 12 பேர்’ என்று இருந்தது. பணம் எட்டுப் பேருடையது. இந்த அக்காவும், செல்லடியில் கணவரை இழந்த கோழிப்பண்ணை அக்காவும் மாதம் தவறாமல் 1,500 ரூபா கட்டியிருந்தார்கள். அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எத்தனை தடவை கண்ணீர் விட்டிருக்கிறேன்! அதையே நானும் செய்திருந்தேன்.

இரண்டு ஆசனம்

அடுத்த கிழமை மீண்டும் கூடினோம். முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு ஒரு முன்மொழிவு வைத்தேன். பணம் கட்டிய ஒவ்வொரு அங்கத்தவருக்கும் இரண்டு ஆசனம். ஒன்று அவருக்கு. மற்றதில் யாரை இருத்துவது என்பது அவருடைய விருப்பம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த அக்காவே சொன்னார்: “நானும் சோடிதான். ஆள் எங்கை எண்டுதான் தெரியாது. அதுவரைக்கும் மாமியைக் கூட்டிக்கொண்டு வாறன்.” கோழிப்பண்ணை அக்கா தன் தங்கையைக் கூட்டி வருவதாகச் சொன்னார். பன்னிரண்டு பேர் பதினாறு பேர் ஆனார்கள். செலவு கூடியது. அதற்காக வசதிகளைக் குறைப்பது என்று எல்லோரும் சம்மதித்தோம்.

அதன் பிறகுதான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: “ஆருக்கு எது ஏலாது?” இதைக் கேட்டவுடன் கூட்டத்தின் போக்கே மாறியது. முதல் நாள் ஆசைகளைச் சொல்லிச் சண்டை பிடித்தவர்கள் இப்போது ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டார்கள். என் கணவரால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது. தையல்கார அக்காவின் கணவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். கடைக்கார அக்காவுக்கு நீரிழிவு, அடிக்கடி மலசலகூடம் தேவை. புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவருக்குச் சீருடை கண்டால் இன்றும் கை நடுங்கும். மாமிக்கு எழுபது வயது. எனக்கும் ஒன்று இருந்தது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் இருந்த அந்த நாட்களுக்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. அதையும் சொன்னேன்.

நான்கு இடங்களையும் நிறுத்துப் பார்த்தோம்

நுவரெலியா: கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். ஹக்கல பூங்கா, சீதையம்மன் கோயில், தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் பார்க்க வேண்டியவை. ஆனால் கிளிநொச்சியில் இருந்து 330 கிலோமீற்றர் அளவில் வரும். வளைவு வளைவான மலைப்பாதை. மூன்று நாளில் இரண்டு நாள் வாகனத்திலேயே போய்விடும். ஆனி மாதம் அங்கே தென்மேற்குப் பருவ மழை. குளிர் என் கணவரின் முதுகுக்கும் கால் இழந்தவரின் தழும்புக்கும் ஆகாது. இன்னொன்றும் இருந்தது. கண்டி வீதி மிகிந்தலையைத் தாண்டிப் போகிறது. மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்ததை நினைவுகூரும் நாளே பொசன். அன்று அந்தப் பக்கம் யாத்திரிகர் கூட்டத்தால் நிறைந்திருக்கும். எனவே நுவரெலியாவை வேறொரு விடுமுறைக்கு ஒதுக்கினோம். தங்கச்சிக்கு முகம் வாடியது. ஆனால் அவரே, “நாலு நாள் லீவு வரேக்கை பாப்பம்” என்றார்.

நெடுந்தீவு: குறிகாட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகுப் பயணம். ஆனி மாதம் சோளகக் காற்று வீசும் காலம். படகு நன்றாக ஆடும். இறங்குதுறையில் தாவி ஏறவும் இறங்கவும் வேண்டி வரலாம். செயற்கைக் காலுடனும் எழுபது வயதுடனும் அது ஆபத்து. தங்குமிட வசதியும் பதினாறு பேருக்குப் போதாது.

மன்னார், மடு: தூரம் குறைவு. திருக்கேதீச்சரமும் மடு மாதா கோயிலும் ஒரே பயணத்தில் அடங்கும். எல்லாச் சமயத்தவர்க்கும் உகந்தது. ஆனால் எங்களில் மூன்று குடும்பம் மடுவில் கூடாரம் போட்டு அகதிகளாக இருந்தவர்கள். “கும்பிடப் போவன். விடுமுறைக்குப் போக மனம் வராது” என்றார் ஒருவர். அதை நாங்கள் விவாதிக்கவில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

திருகோணமலை: வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக 175 கிலோமீற்றர் அளவில். இடையிடையே நிறுத்தினாலும் ஐந்தரை மணித்தியாலத்தில் போய்விடலாம். இந்த வழி மிகிந்தலைப் பக்கம் போகாது. சித்திரைக்குப் பின் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அங்கே தமிழில் கதைக்கலாம். வழியும் மருந்துக்கடையும் கேட்டு அறிய மொழி தடையில்லை. கோணேசர் கோயில், உப்புவெளி, நிலாவெளி, கன்னியா வெந்நீர் ஊற்று எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வெயில்தான் கொடுமை. அதற்குக் காலையும் மாலையும் வெளியே போவது, மத்தியானம் படுப்பது என்று முடிவு செய்தோம்.

திருகோணமலை என்று முடிவானதும் இரண்டு தடைகள் எழுந்தன. ஒன்று என்னுடைய கடல். வீட்டைக் கடற்கரையில் எடுக்காமல் கொஞ்சம் உள்ளே எடுத்தால் சமாளிப்பேன் என்றேன். மற்றது கன்னியா. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணனுக்காகத் தோன்றிய ஏழு கிணறுகள் என்பது அந்த இடத்தின் ஐதீகம். இன்றும் எங்கள் சனம் அந்தியேட்டிக் கிரியைகளுக்கு அங்கே போகிறது. கணவரை ஒப்படைத்த அக்காவுக்கு, “கன்னியாவிலை போய்க் கடமையைச் செய்துவிடு” என்று உறவினர் பல தடவை சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு வருமோ என்று அவர் பயந்தார். அப்படி ஒரு வார்த்தை யாருடைய வாயிலிருந்தும் வராது என்று எட்டுப் பேரும் உறுதி சொன்னோம். விரும்பினால் இறங்குவது, இல்லாவிட்டால் வாகனத்தில் இருப்பது.

அறையும் அடுப்பும்

சுற்றுலா போனால் பெண்கள் ஓர் அறையிலும் ஆண்கள் ஓர் அறையிலும் படுப்பது எங்கள் வழக்கம். செலவு குறையும் என்று அதையே முதலில் நினைத்தோம். கடைக்கார அக்காதான் தடுத்தார். “வீட்டிலை பிள்ளையளோட ஒரே அறைக்கை. முகாமிலை பத்துப் பேரோட. இப்பவும் பிரிச்சுப் படுக்கத்தான் இவ்வளவு தூரம் போறமோ?” என்றார். சிரிப்பு அடங்கச் சில நிமிடம் எடுத்தது. பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை எவ்வளவு பெரிய வசதி என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புவெளியில், கடற்கரையில் இருந்து சற்று உள்ளே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதாரண வீடுகளை ஒரு மாதம் முன்பே பேசி வைத்தோம். எட்டு அறை, இரண்டு இரவு, 40,000 ரூபா. மினிபஸ்ஸுக்கு 65,000 ரூபா. சாப்பாட்டுக்கு 25,000 ரூபா. மிச்சம் 14,000 ரூபாவை அவசரத்துக்கு வைத்தோம். அரிசி, தேங்காய், கருவாடு, மிளகாய்த்தூள் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம்.

மூன்று நாளும் பெண்களே சமைத்தால் அது விடுமுறை ஆகாது. எனவே சனிக்கிழமைச் சமையல் முழுவதும் ஆண்களுடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பருப்பு அடிப்பிடித்தது. மீன்குழம்புக்கு உப்புக் கூடிப் போனது. ஆனால் பதினேழு வருடத்தில் முதல் தடவையாக நான் இருந்த இடத்துக்குச் சாப்பாட்டுக் கோப்பை வந்தது.

போன இடத்தில்

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தும்படி சாரதியிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. மாமி வழி முழுவதும் யன்னலோரத்தில் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை வெயில் ஏற முன் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் வழி. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. இதை முதல் நாளே அந்தச் சகோதரருக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவரை நடுவில் விட்டு, கதைத்துக்கொண்டே நடந்தோம். வழியில் மான்கள் நின்றன. மனைவி வாழைப்பழம் வாங்கிக் கொடுக்க, அவர் அதை மானுக்கு நீட்டினார். கை நடுங்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பழத்தைக் கொடுத்து முடித்தார். செயற்கைக் காலுடையவருக்கும் மாமிக்கும் முச்சக்கரவண்டி பிடித்தோம்.

பின்னேரம் நிலாவெளிக் கடற்கரை. கடல் குளம்போல் கிடந்தது. உப்புத் தண்ணீரும் மணலும் செயற்கைக் காலைப் பழுதாக்கும் என்பதால் அவர் அதைக் கழற்றித் துணியால் சுற்றி வைத்தார். இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது அவருக்கு யாருடைய தோளும் தேவைப்படவில்லை. தண்ணீர் தாங்கியது. “இஞ்சை எல்லாருக்கும் ஒரே கால்தான்” என்று சத்தம் போட்டார். தையல்கார அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பனை ஓலைப் பையுடன் தள்ளி இருந்தேன். என் கணவரும் இறங்காமல் பக்கத்தில் இருந்தார். “போங்கோவன்” என்றேன். “நீ வரேக்கை வாறன்” என்றார். இருள முன் செருப்பைக் கழற்றினேன். கணுக்கால் வரைதான். அதற்கு மேல் முடியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் கன்னியா. அந்த அக்கா வாகனத்திலேயே இருந்தார். எல்லோரும் இறங்கிய பின் மாமி திரும்பிப் போய் மருமகளின் கையைப் பிடித்தார். “எழும்பு பிள்ளை. வெந்நீரிலை குளிக்கத்தான் வந்தனாங்கள். வேறை ஒண்டுக்குமில்லை” என்றார். ஏழு கிணற்றிலும் ஏழுவிதமான சூடு. மாமி வாளியால் அள்ளி, சின்னப் பிள்ளையை வார்ப்பதுபோல அவருடைய தலையில் வார்த்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வவுனியாவில் தேத்தண்ணி குடிக்கும்போது மாமிதான், “அடுத்த வருசம் எங்கை?” என்று கேட்டார்.

நீங்களும் போவதானால்

எங்கள் அனுபவத்தில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

1. இடத்தைப் பற்றிக் கதைக்க முன் ஆட்களைப் பற்றிக் கதையுங்கள். பணம் கட்டிய ஒவ்வொருவரும் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

2. யாருக்கு எது முடியாது என்று கேட்டு எழுதுங்கள். பொதுவில் சொல்லக் கூச்சப்படுபவரிடம் தனியாகக் கேளுங்கள்.

3. மூன்று நாள் விடுமுறைக்கு ஒரு பக்கம் ஐந்து, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் இடம் வேண்டாம்.

4. காலநிலையைப் பார்த்துத் தெரியுங்கள். கிழக்குக் கடலுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை நல்லது. மார்கழியில் அங்கே கடல் கொந்தளிக்கும். மலைநாட்டுக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்து புறப்படுங்கள்.

5. அந்த விடுமுறை என்ன விடுமுறை என்று பாருங்கள். வெசாக், பொசன் நாட்களில் அனுராதபுரம், மிகிந்தலைப் பக்கம் வீதிகள் நிறைந்திருக்கும். தொடர் விடுமுறைக்குத் தங்குமிடத்தை ஒரு மாதம் முன்பாவது பேசி வையுங்கள்.

6. மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் கைப்பையில் வையுங்கள்.

7. சமையல், குடி இரண்டையும் பற்றிப் புறப்பட முன்பே கணவர்மாருடன் பேசி முடிவெடுங்கள்.

8. ஒருவருக்கு வேதனை தரும் இடம் என்றால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். இறங்காமல் இருக்கும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும்.

எங்கள் குழு மீண்டும் மாதாமாதம் சேர்க்கத் தொடங்கிவிட்டது. புதிய கொப்பியின் முதற் பக்கத்தில் எட்டுப் பெயர் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இரண்டு ஆசனம் என்று குறித்திருக்கிறேன். இடத்துக்கான கோடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. தங்கச்சி மட்டும் பென்சிலால் ‘நுவரெலியா’ என்று எழுதி வைத்திருக்கிறார்.